அறுபத்தோரு எட்டு தள்ளி நட்ட கல்

12.8.2024, திங்கள்

தென்மாவட்டமெல்லாம் வெள்ளத்தில் மிதந்து, ரயில் ஒன்று ஆட்களோடு நடுவழியில் நின்றுபோனதே, அதற்கு அடுத்த வருஷம். உடைந்த எங்கள் கண்மாய்க் கரையை இன்னும் யாரும் வந்து எட்டிப் பார்க்காத வருஷம். பூசாரி வீட்டுத் தென்னையில் இடி விழுந்த வருஷம். நத்தக்குளம் விலக்கில் நின்ற பதினாறு புளியமரத்தையும் வெட்டிச் சாய்த்து, ரோட்டை நாலுவழியாக்கி, நடுவில் இடுப்பளவு சுவர் எழுப்பிய வருஷம். இவ்வளவு சொன்னால் போதும். ஆனாலும் என் வீட்டுக்காரி தலைப்பில் தேதி போட்டுக்கொண்டாள். சத்துணவு அமைப்பாளராக இருந்து அரிசிக்கும் முட்டைக்கும் ரிஜிஸ்தர் எழுதிய கை, தேதி போடாமல் ஓடாது.

எனக்கு எழுத்து தெரியாது. எண் தெரியும், அதுவும் கிலோமீட்டர் கல்லில் இருக்கிற எண். செதுக்கிய பள்ளத்துக்குள் கறுப்புப் பெயிண்டைத் தொட்டுத் தொட்டு முப்பத்தாறு வருஷம் இழுத்தவன் நான். பெயர் வெயிலுமுத்து, நெடுஞ்சாலையில் சாலைப் பணியாளன். பதினோராம் கல் முதல் இருபத்தாறாம் கல் வரை எங்கள் கேங்கின் பொறுப்பு. எந்தக் கல்லுக்கு எதிரே எந்த வருஷம் யார் அடிபட்டுச் செத்தார் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். கேட்கத்தான் ஆள் இல்லை.

இன்று கட்டுப் போட்ட காலோடு கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போனேன். பதினேழாம் கல்லைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டிருக்கிறார்கள், அதனால்தான் என் கூட்டாளி சவரிமுத்து செத்தான் என்று சொன்னேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா தலை நிமிராமல், "தாத்தா, வாயால சொன்னா எப்படி எடுக்க முடியும்? என்னைக்கு என்ன நடந்துச்சுன்னு தேதி போட்டு எழுதிக் கொண்டாங்க" என்றார்.

அப்படியா. தேதி போட்டே தருகிறேன்.

போன மாதம் 25, வியாழக்கிழமை. பென்ஷன் வாங்குகிறவன் வருஷம் ஒரு தரம் கருவூலத்தில் போய் நின்று, நான் சாகவில்லை என்று காட்ட வேண்டும். வீட்டிலிருந்தே மெஷினில் விரல் வைத்தால் போதும் என்கிறார்கள். தாரும் ஜல்லியும் தேய்த்த விரல். அந்த மெஷின் என்னை ஆள் என்றே ஒத்துக்கொள்ளவில்லை. சவரிமுத்துக்கும் அதே கதி. அதனால் இருவரும் என் மொபெட்டில் போனோம். நான் ஓட்டினேன், அவன் பின்னால்.

பதினேழாம் கல்லுக்கு நேர் எதிரே நடுச்சுவரில் ஒரு திறப்பு உண்டு. அதில் வலப்பக்கம் திரும்பினால் எங்கள் ஊர் நத்தக்குளம். வேலை முடிந்து ஊர் திரும்பும்போது கல்லைப் பார்த்ததும் திருப்பினேன். திறப்பு இல்லை. சுவர் நின்றது. பின்னால் வந்த லோடு ஆட்டோ இடித்துவிட்டது. உயிரோடிருக்கிறோம் என்று காட்டப் போன இரண்டு பேரில் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் செத்தான்.

லோடு ஆட்டோக்காரன் பெயர் மூக்கையா. தக்காளிக் கூடை ஏற்றுகிறவன், அறுபதைத் தாண்டியவன். ஆரன் அடிக்காமல் வேகமாக வந்து இடித்தான் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே போலீசிடம் சொல்லிக் கைநாட்டு வைத்தேன். அவன் மேல் கேஸ். லைசென்சை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். வைக்கட்டும்.

"வைக்கட்டும்னும் எழுதணுமா?" என்று கேட்கிறாள்.

எழுது.

13.8.2024, செவ்வாய்

கட்டு மாற்றினார்கள். நர்சு, "இந்த வயசுல எதுக்கு தாத்தா வண்டி, பஸ்ல போகலாம்ல?" என்றாள். எங்கள் ஊருக்கு எந்தப் பஸ் நிற்கிறது, அதன் முதல் படி தரையிலிருந்து எவ்வளவு உயரம், சொல்லு என்றேன். பஞ்சை எடுக்க உள்ளே போனவள் வேறு ஆளை அனுப்பிவிட்டாள். ஆட்டுக்கு அகத்திக் குழை இல்லை.

15.8.2024, வியாழன்

கொடியேற்றி மிட்டாய் கொடுத்து கிராம சபை கூட்டினார்கள். நான் எழுந்து நின்றேன். உட்காருங்க உட்காருங்க என்றார்கள். உட்காரவில்லை.

ரேஷன் கடை ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஊர் இந்தப் பக்கம். வண்டி திரும்ப விலக்கில் ஒரு திறப்பு வைத்தார்கள், நடந்து தாண்டுகிறவனுக்கு ஒரு வெள்ளைக் கோடு கூடப் போடவில்லை. கருப்பாயிக் கிழவி எழுபத்தெட்டு வயதில் மண்ணெண்ணெய் டின்னோடு சுவர் ஏறிக் குதிக்கிறாள். அவளே எழுந்து, "நாலு வழியத் தாண்டுறதுக்குள்ள நானு நாலு சாமியக் கும்பிட்டுருதேன். அஞ்சாவதா ஒரு லாரி வருது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கச் சொல்லவில்லை.

தலைவர் செண்பகராஜ் எனக்குச் சின்னவன், மரியாதையாகத்தான் பேசினான். "பெரியப்பா, கல்லு நகந்தா ஊரு நகந்துருமா? எல்லாவனும் செல்லப் பாத்துல்ல போறான்."

"செல்லு இல்லாதவன் சாகட்டுமாடா?"

"நான் அப்படியா சொன்னேன்? அது நேசனல் ஹைவே. நம்ம கையில இல்ல."

"உன் கையில என்னதான் இருக்கு?"

கையில் மிக்சர் பொட்டலம் இருந்தது. நீட்டினான். நான் வாங்கவில்லை. இவள் எனக்கும் சேர்த்து இரண்டு வாங்கிக்கொண்டாள்.

அங்கே சொன்னதை இங்கேயும் எழுதச் சொல்கிறேன். பதிமூன்றாம் கல், எண்பத்து மூன்று, பாத்திரக்காரர் சுடலைமுத்து, சைக்கிளோடு. பதினைந்தாம் கல், தொண்ணூற்றொன்று, பெயர் தெரியாத அம்மா, ஓடத் தொடங்கிய பஸ்ஸிலிருந்து இறங்கி; கண்டக்டர் விசில் ஊதும்போது அவள் ஒரு கால் படியில் இருந்தது, நான் பார்த்தேன். இருபதாம் கல், இரண்டாயிரத்து நாலு, ஆடு மேய்த்த நொண்டி ராமர். எல்லாரும் அறுபதுக்கு மேல். நாங்கள்தான் ரத்தத்தின் மேல் மணல் போட்டோம். அரசாங்கத்தின் எந்த ரிஜிஸ்தரில் இவர்கள் இருக்கிறார்கள்? இப்போது இந்த ரிஜிஸ்தரில் இருக்கிறார்கள்.

18.8.2024, ஞாயிறு

கோயில் முடிந்து சவரிமுத்து வீட்டுக்காரி ஞானப்பூ வந்தாள். நாளைத் திங்கள் போக அடுத்த திங்கள் முப்பதாம் நாள் பூசை, வந்துவிட வேண்டும் என்று சொன்னாள். இவள் காப்பி போட உள்ளே போன நேரம் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணே, ஆஸ்பத்திரியில அவுக வாயே திறக்கல. வண்டியில போகும்போது கடைசியா ஏதாச்சும் சொன்னாகளா?"

"ஒண்ணும் சொல்லல தாயி. பென்சனப் பத்திப் பேசிக்கிட்டு வந்தான்."

"பயந்தாகளா?"

"பயப்பட நேரம் எங்க? அந்தப் பாவிதான் ஆரன் கூட அடிக்கலயே."

"அவன் கை விளங்காமப் போகணும். தெனமும் செபத்துல அதையும் சேத்துத்தான் சொல்லுதேன். சாமி மன்னிக்கட்டும்" என்றாள்.

காப்பியைக் குடிக்காமல் போய்விட்டாள். தலைக்கவசம் போட்டிருந்தால் பின்னால் இருப்பவன் பேசுவது சரியாகக் காதில் விழாது. அதையும் எழுது. எழுதினாள். ஏன் இதை எழுதச் சொல்கிறேன் என்று கேட்கவில்லை.

20.8.2024, செவ்வாய்

பிடித்துவிட்டேன் திருடனை.

ஷேர் ஆட்டோவில் இவளையும் கூட்டிக்கொண்டு விலக்குக்குப் போனேன். நடுச்சுவர்த் திறப்புக்கு நேர் எதிரே, ரோட்டோரத்தில், கல் இருந்த பழைய குழி சிமெண்டு வாய் பிளந்து கிடக்கிறது. அங்கிருந்து கம்பை ஊன்றிக் காலடி எண்ணி நடந்தேன். கேங்கில் என் ஓர் எட்டு இரண்டரை அடி; டேப் வைத்து அளந்து மேஸ்திரியே ஒத்துக்கொண்டது. கல் இப்போது நிற்கிற இடம் வரை அறுபத்தோரு எட்டு. நூற்றைம்பது அடி! புதிதாக ஒரு பெட்ரோல் பங்க் வந்திருக்கிறது. அதன் வாசலுக்குக் கல் இடைஞ்சல். பிடுங்கி, ரோட்டோரமாகவே தள்ளி நட்டுவிட்டார்கள். மஞ்சள் தலைக்குப் புதுப் பெயிண்ட் வேறு. அடிப்பதற்கு முன் துருவைக் கூடச் சுரண்டவில்லை, கல்லுக்கு ஏது துரு, பாசியைச் சுரண்டவில்லை. எந்த நாய் அடித்தது?

கல் என்றால் அந்த இடத்துக்குக் கொடுத்த வாக்கு. அதை வாசல் செருப்பு மாதிரி தள்ளி வைப்பார்களா?

நாற்பதாவது எட்டில் யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். பங்க்கில் பெட்ரோல் போடுகிற பெண். "பெருசு, சாகவா வந்தீரு? ரோட்டுக்குள்ள ஏறிட்டீரு, வண்டி வாரது தெரியல?" என்று கத்தினாள். சர்ரென்று காற்று அடித்துப் போனது.

வெயில் கண்ணில் அடித்தது. அப்படி எழுது.

"மேகமாத்தான் இருந்துச்சு" என்கிறாள்.

வெயில் என்று எழுது.

எழுதினாள். எழுதிவிட்டு, "போனது என்ன வண்டி?" என்று கேட்டாள். சிவப்பு லாரி என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

21.8.2024, புதன்

இன்று எழுத மாட்டேன் என்கிறாள். இந்த வரியைக் கெஞ்சி வாங்கினேன்.

24.8.2024, சனி

மூக்கையா வந்தான். வீடு தேடி வருகிற தைரியம் எப்படி வந்தது என்று எழுந்து கம்பை எடுத்தேன். அவன் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, "மதினி, கொஞ்சம் தண்ணி குடுங்க. பஸ் ஸ்டாப்புல இருந்து நடந்து வாரேன்" என்றான். இவள் கொடுத்தாள்.

"அண்ணாச்சி, சண்டைக்கு வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்க திருப்பும்போது என் வண்டியப் பாத்தீகளா?"

"நீ ஆரன் அடிச்சியா?"

"பங்க்குக்கு முன்னாலயே அடிச்சேன். நீங்க இடது ஓரமாப் போயிக்கிட்டு இருந்தீக. சட்டுனு குறுக்க ஏறுனீக. பின்னால இருந்தவரு திரும்பி என்னப் பாத்தாரு. உங்க தோளுல ரெண்டு தட்டு தட்டுனாரு. அவரு வாய் அசைஞ்சது. அந்த முகம் எனக்குக் கண்ணுக்குள்ளயே நிக்குது, அண்ணாச்சி. சோறு இறங்கல."

"பொய்."

"சரி, பொய்யாவே இருக்கட்டும். பாத்தீகளா, இல்லயா? அத மட்டும் சொல்லுங்க."

"வெளிய போடா."

போகவில்லை. தம்ளரைக் கழுவித் திண்டில் கவிழ்த்து வைத்தான். "எனக்கு அறுபத்தி மூணு வயசு. லைசென்சு புதுப்பிக்கையில டாக்டர்ட்டப் போயி, ஒரு கண்ண மூடி ஒரு கண்ணால எழுத்துச் சொல்லணும். தவறாமச் சொல்லியிருக்கேன். தக்காளி ஏத்துறவன்தான், ஆனா பாத்துத்தான் ஓட்டுதேன். நீங்க எந்த டாக்டர்ட்டக் கண்ணக் காமிச்சீக?"

என் வீட்டில் நின்று என்னைக் கேட்கிறான். கம்பை வீசினேன். கதவில் பட்டது. இவள் செருப்பை மாட்டி, அவனோடு பஸ் ஸ்டாப் வரை போய், ரோட்டைத் தாண்ட வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். தனியாகத் தாண்டப் பயந்தானாம். பயப்படட்டும் என்றேன். அதைத் தானாகவே எழுதிக்கொண்டாள், நான் சொல்லாமல்.

25.8.2024, ஞாயிறு

மத்தியானம் இவளைக் கூப்பிட்டு, முன்னால் எழுதியதில் சிலதை அடித்துவிடு என்றேன்.

"ரிஜிஸ்தர்ல அடிக்கக் கூடாது. தப்புன்னா கீழ தேதி போட்டுப் புதுசா எழுதணும். அதான் முறை."

சரி. புதிதாக எழுது.

செவ்வாய்க்கிழமை மேகமாகத்தான் இருந்தது. போனது சிவப்பு லாரி இல்லை. என்ன வண்டி என்று எனக்குத் தெரியாது. தண்ணி டேங்கர், பச்சை நிறம் என்று இவள் இப்போது சொல்கிறாள்.

பங்குனியில் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை, வலது கண் முழுக்க மூடிவிட்டது, ஆபரேஷன் முடிகிற வரை வண்டியைத் தொடாதீர்கள் என்றார். வீட்டுக்கு வந்து, கண் பளிங்கு மாதிரி இருக்கிறதாம் என்று சொன்னேன். சாவியை வாங்கி வைத்துக்கொள்வாள் என்று பயம். அது மட்டும் இல்லை. அந்த ரோட்டில் எனக்குக் கண் எதற்கு என்ற திமிர். எந்தக் கல்லுக்கு முன்னால் மேடு, எந்தப் பாலத்துக்குப் பின்னால் பள்ளம், எல்லாம் உடம்பில் இருக்கிறது. மரத்தை வெட்டினான், என் உடம்பில் இருந்த மரத்தை வெட்டவில்லை. மஞ்சளாக ஒன்று மங்கலாகத் தெரிந்தால் போதும், அது கல். கல்லுக்கு எதிரே திறப்பு. ரோடு போட்டவன் ரோட்டைப் பார்க்கவா வேண்டும்?

சவரிமுத்து சொன்னான். "நில்லுப்பா, வண்டி வருது." இரண்டு தரம் சொன்னான். தோளில் தட்டினான். தலைக்கவசம் போட்டிருந்தேன், இருந்தது ஒன்றே, அதை நான் போட்டுக்கொண்டேன். ஆனாலும் கேட்டது. நன்றாகக் கேட்டது. ஆரனும் கேட்டது. இவன் கேங் லாரியிலேயே கண்ணை மூடிக்கொண்டு வருகிறவன், இவனா எனக்கு ரோடு சொல்லித்தருவது என்று நினைத்துத்தான் திருப்பினேன்.

கல்லை நகர்த்தியவனை நான் விடப்போவதில்லை. நடக்கிறவனுக்குக் கோடு போடாதவனையும் விடப்போவதில்லை. இந்த நோட்டோடு மறுபடி அந்த மேசைக்கு முன்னால் போய் நிற்பேன். ஆனால் கல் அதன் இடத்திலேயே இருந்திருந்தாலும், எதிரே திறப்பு இருந்திருந்தாலும், நான் திரும்பிப் பார்த்திருக்க மாட்டேன். மூக்கையா அங்கேயும் வந்து இடித்திருப்பான்.

இவள் எழுதுவதை நிறுத்தினாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"பங்குனியில இருந்து என்னையும் அந்த வண்டியில பின்னால வெச்சு எத்தனை தரம் கூட்டிட்டுப் போனீக?"

எனக்கு எண்ணாமலே தெரியும். பதினோரு தரம். ஒரு தரம் பேத்தி நடுவில் உட்கார்ந்து வந்தாள்.

"அந்தப் பதினோரையும் எழுதட்டுமா?"

எழுது.

எழுதிவிட்டு வண்டிச் சாவியை ஆணியிலிருந்து எடுத்து, இடுப்பில் செருகிக்கொண்டு ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.  ராத்திரி சோறு மட்டும் போட்டாள்.

26.8.2024, திங்கள்

காலை ஆறு மணிக்குக் கோயிலுக்குப் போனோம். பூசை தொடங்கும் முன்னே ஞானப்பூவை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னேன். அவள் முக்காட்டைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அவுக சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"ரெண்டு தரமும்?"

"ரெண்டு தரமும்."

"போன ஞாயித்துக்கெழம நான் வந்து கேட்டேனே. ஒண்ணும் சொல்லலன்னீகளே. முப்பது நாளா அந்த மனுசன் கை விளங்காமப் போகணும்னு சாமிகிட்டக் கேட்டுக்கிட்டு இருந்தேனே." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருப்பேன். "பூசைக்கு உள்ள வராதீங்க" என்றாள். அண்ணே என்ற சொல் அந்தப் பேச்சில் ஓரிடத்திலும் இல்லை. இவளை மட்டும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். நான் வெளியே சைக்கிள்களுக்குப் பக்கத்தில் நின்றேன். பெயர் வாசிக்கும்போது ஒலிபெருக்கியில் சவரிமுத்து என்று கேட்டது.

அங்கிருந்து போலீஸ் ஸ்டேஷன். எழுத்தர் சின்ன வயசுக்காரர், நல்ல மாதிரி. முதலில் உட்காரச் சொன்னார். நான் சொல்லச் சொல்ல முகம் மாறியது.

"பெரியவரே, மூக்கையா வந்து பேசுனானா? அவன் சொல்லிக்குடுத்துச் சொல்றீரா?"

"எனக்கு எவனும் சொல்லிக்குடுக்க முடியாதுய்யா. அதான் என் சீக்கே."

"இப்படி மாத்துனா கேசு உம்ம பக்கம் திரும்பும், புரியுதா? லைசென்சு இருக்கா?"

"இருக்கு. முடிஞ்சு நாலு வருசம்."

அவர் பேனாவால் நெற்றியைச் சொறிந்தார். கல்லைப் பற்றியும் எழுதுங்கள் என்றேன், அறுபத்தோரு எட்டு என்று எழுதுங்கள் என்றேன். அது வேற மனு, அது இங்க இல்ல என்றார். இங்கேதான் என்று மேசையைத் தட்டினேன். இவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பிறகு அவரே அதையும் இரண்டு வரி எழுதினார்.

"சரி. பின்னால இருந்தவரு நில்லுன்னு சொன்னாருங்கிறீரு. மூக்கையா தூரத்துல வண்டிக்குள்ள இருந்தவன், அவனுக்குச் சத்தம் கேட்டிருக்காது. சொன்னவரு போய்ச் சேந்துட்டாரு. அத காதால கேட்டவன்னு உயிரோட யாராவது மிச்சம் இருக்கானா? இருந்தா பேரச் சொல்லும், எழுதுதேன்."

"ஒருத்தன் இருக்கான்" என்றேன். "வெயிலுமுத்து."